பதினான்கு நிமிடத் தூரம்

பிரம்மசக்தி வகுப்பில் ஒரு கேள்வி கேட்டால் பதில் வர இருபத்தெட்டு நிமிடம் ஆகும். மாணவர்கள் மந்தமானவர்கள் என்பதால் அல்ல. கேள்வி செவ்வாய்க் கிரகத்துக்குப் போய்ச் சேரப் பதினான்கு நிமிடம், பதில் பூமியில் காவல்கிணற்றுக்குத் திரும்பி வரப் பதினான்கு நிமிடம். அந்த மாதக் கணக்கு அது. செவ்வாய் கிட்டே வரும்போது குறையும், விலகிப் போகும்போது கூடும். ஒளியைவிட வேகமாக எதையும் அனுப்ப வழியில்லாததால் இதில் யாரையும் குறை சொல்லவும் முடியாது.

காலையில் அவள் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பம்பு ஹவுஸில் ஆபரேட்டர். பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை சமுதாயக் கல்லூரியில் பகுதிநேரப் பயிற்றுநர். பாடம், குழாய் மற்றும் பம்பு பராமரிப்பு. ஆறு மாதச் சான்றிதழ். மாணவர்கள் பதினொரு பேரும் செவ்வாயின் ஆறாம் முகாமில் ஒப்பந்தத்துக்குப் போன தொழிலாளிகள். மண் தோண்டுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், சமையற்கட்டில் இருக்கிறவர்கள். வேலைக்கு ஆள் எடுத்தால் தொழில்பயிற்சியும் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கம்பெனி முதலில் ஒரு வழிகாட்டி இயந்திரத்தைத்தான் வைத்திருந்தது. கேட்ட நொடியில் பதில் சொல்லும். ஒரே மாதத்தில் வகுப்பு காலியானது. "திட்டினாலும் ஒரு மனுஷி திட்டணும்" என்று தொழிலாளிகள் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குக் கம்பெனி கண்டுபிடித்த மலிவான மனுஷிதான் பிரம்மசக்தி.

முதல் வாரம் படுமோசம். "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, திரையில் பதினொரு முகங்கள் தன்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொருவர் முகத்தையும் மனத்தில் கொண்டுவந்து, அவர்கள் கேட்கப்போவதை முன்கூட்டியே யோசித்து, அதற்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவாள். "வடிவு, இப்ப நீ, மோட்டார் சூடானா தண்ணி ஊத்தலாமான்னு கேக்கப்போற. ஊத்தக்கூடாது." அவள் இதைச் சொல்லிச் சில நிமிடத்தில், அது போய்ச் சேரும் முன்பே வடிவு கேட்ட அதே கேள்வி திரையில் வந்து நிற்கும். அந்தப் பக்கம் பதினொரு பேரும் கைதட்டிச் சிரிப்பதை அப்புறம் பார்ப்பாள்.

மூன்றாம் மாதத்தில் அவர்களும் இதே விளையாட்டைத் தொடங்கினார்கள். டீச்சர் அடுத்து என்ன கேட்பாள் என்று ஊகித்து, கேள்வி வந்து சேரும் முன்பே பதிலை அனுப்பினார்கள். இதில் எப்போதும் முந்தியவள் சமையற்கட்டில் வேலை செய்த வடிவுதான், முழுப் பெயர் சுடலைவடிவு. பணகுடிக்காரி, முப்பது வயது, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள்.

நான்காம் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. வகுப்பு தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருக்கும். கல்லூரிப் பட்டறையில், பிரம்மசக்தி தன் கையால் பொருத்தி வைத்திருந்த பயிற்சிப் பம்பின் பக்கத்தில் நின்று வால்வுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று திரையில் முகாமின் வெளிச்சம் சிவப்பாக மாறியது. சங்கு ஊதியது. நாற்காலிகள் விழுந்தன. அருளப்பன் எழுந்து ஓடினார். உவரியில் படகு ஓட்டிக்கொண்டிருந்தவர், வகுப்பிலேயே வயதில் மூத்தவர்.

வடிவு கைத்திரையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடினாள். படம் குலுங்கியது.

"டீச்சர், சுவருக்குச் சுடுதண்ணி அனுப்புத பம்பு நின்னுட்டு. மாத்துப் பம்பு தானா ஓடுச்சு, அதுவும் தண்ணி தள்ள மாட்டேங்கு. இன்ஜினியர் ரெண்டு பேரும் வண்டிய எடுத்துட்டு வெளிய போயிருக்காங்க. புழுதிக்காத்துல மாட்டிக்கிட்டாங்களாம், வர ஆறு மணி நேரம் ஆவுமாம். சத்தத்தைக் கேளுங்க."

பம்பு அறைக்குள் இன்ஜினியர்களைத் தவிர யாரும் நுழையக்கூடாது. வடிவு கதவிலிருந்த சின்னக் கண்ணாடியில் கைத்திரையை ஒட்டி வைத்தாள். உள்ளே இரும்புக்குள் சரளைக்கல் உருளுவதுபோல ஒரு கடகடப்பு.

முகாமின் சுவர்களுக்குள் ஓடும் வெந்நீர்தான் அங்கே அறுபத்து மூன்று பேரைக் குளிரிலிருந்து காப்பது. பிராணவாயு எடுப்பதும் அதே தண்ணீரிலிருந்துதான். ஓட்டம் நின்றால் இரண்டு மணி நேரத்தில் குழாய்கள் உறைந்து வெடிக்கும். அந்த இரண்டு மணி நேரத்தில் பதினான்கு நிமிடம் பிரம்மசக்தி இதைப் பார்ப்பதற்கு முன்பே போய்விட்டது.

கம்பெனியின் சென்னை அலுவலகத்தில் வினோத் என்ற அதிகாரி இந்த வகுப்புக்குப் பொறுப்பு. அவன் போனை எடுத்தபோதே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"பார்த்துட்டுதான் இருக்கோம் மேடம். வழிகாட்டி இயந்திரம் மோட்டாரை மாத்தச் சொல்லுது. இன்ஜினியர் வரணும். வர்ற வரைக்கும் எல்லாரையும் ஒரே ஹாலுக்கு வரச் சொல்லியிருக்கோம்."

"மோட்டார்ல ஒண்ணுமில்ல சார். ரெண்டு பம்பும் ஒரே நேரத்துல எப்படிக் கெட்டுப்போகும்? ரெண்டுக்கும் தண்ணி வாரது ஒரே வழி. அந்த வழியில வடிகட்டி அடைச்சிருக்கு. அதான் சரளைச் சத்தம். பம்பு தண்ணி கிடைக்காம வெறும் வாய மெல்லுது."

"நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம். ஆனா நீங்க பயிற்றுநர். வகுப்பு அலைவரிசையில பாடம் மட்டும்தான் நடத்தணும், இயக்க உத்தரவு குடுக்கக்கூடாது. தப்பாப் போனா யார் மேடம் பதில் சொல்றது? அறுபத்து மூணு பேரு."

அந்த எண்ணிக்கை அவளுக்கும் தெரியும். அவன் சொன்னதில் நியாயமில்லை என்றும் சொல்ல முடியவில்லை. அந்தப் பம்பை அவள் ஒருநாளும் தொட்டதில்லை.

சங்குச் சத்தம் கேட்டுக் கல்லூரி முதல்வர் தாணுமாலயன் பட்டறை வாசலில் வந்து நின்றிருந்தார். அவளிடமிருந்து போனை வாங்கினார்.

"தம்பி, வகுப்பு அஞ்சு மணி வரைக்கும். என் வாத்தியார் வகுப்பு நேரத்துல என்ன நடத்துதாங்கன்னு நான்தான் கேக்கணும், நீங்க இல்ல. அந்த அறைக் கதவைத் திறக்க உத்தரவு மட்டும் உங்க கையில இருக்கு. அதை அனுப்புங்க." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவளைப் பார்த்தார். "நடத்தும்மா."

பிரம்மசக்தி கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று முப்பது.

அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு வகுப்பு எடுத்ததில்லை. கேள்வி கேட்க அவர்களுக்கு நேரம் கிடையாது என்பதால் எல்லாக் கேள்வியையும் அவளே கேட்டாள், அவளே பதில் சொன்னாள். பயிற்சிப் பம்பில் வடிகட்டியின் மூடியைக் கழற்றிக் காட்டினாள். "அருளப்பன் அண்ணே, போல்ட்டு இறுகி இருந்தா பலத்தைக் காட்டாதீங்க, தட்டி இளக்குங்க. வடிவு, மூடியைத் திறக்குமுன்ன தொட்டிப் பக்கத்து வால்வை மூடணும். இல்லேன்னா தொட்டித் தண்ணி பூரா உங்க காலடியில. எந்த வால்வுன்னு கேப்ப. சிவப்புக் கைப்பிடி. வலப்பக்கம் முழுக்கத் திருப்பு." கூடையை வெளியே எடுத்து, கழுவி, திருப்பி வைத்து, தண்ணீர் நிரப்பி, காற்றை வெளியேற்றி, மோட்டாரைப் போட்டாள். பயிற்சிப் பம்பு கல்லூரித் தொட்டியில் சீறிக்கொண்டு தண்ணீரைக் கொட்டியது. பன்னிரண்டு நிமிடம். புடவை தொப்பலாக நனைந்திருந்தது.

நடுவில் வினோத் கதவைத் திறக்கும் உத்தரவை அனுப்பிவிட்டதாகச் சொன்னான். "போனா என் வேலை போகட்டும்" என்றும் சொன்னான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரையை நிமிர்ந்து பார்த்தாள். அப்படியே நின்றாள்.

திரையில் பம்பு அறைக் கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அருளப்பன் கையில் கடப்பாரை. ஏழெட்டுப் பேர் உள்ளே நின்றார்கள். வடிவு வடிகட்டிக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து போல்ட்டுகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். படத்தின் மூலையில் நேரம் ஓடியது: மூன்று இருபத்தெட்டு. அதாவது பிரம்மசக்தி வாயைத் திறப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பு.

"டீச்சர்," வடிவு வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள், "நீங்க இந்நேரம் வடிகட்டின்னுதான் சொல்லிக்கிட்டு இருப்பிய. அது வந்து சேருத வரைக்கும் எங்களால உக்காந்திருக்க முடியல."

பிரம்மசக்தி சத்தம் போட்டே விட்டாள். "சார், பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று முதல்வரின் கையைப் பிடித்து உலுக்கினாள். தாணுமாலயனுக்கும் கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது.

அடுத்த நொடி அவள் சிரிப்பு நின்றது.

வடிவு தொட்டிப் பக்கத்து வால்வை ஏற்கெனவே மூடியிருந்தாள். அதன் கைப்பிடி மஞ்சள்.

சிவப்புக் கைப்பிடி அங்கே வேறொன்றாக, சுவரோரமாக, தனியாக இருந்தது. பிரம்மசக்தி அலமாரிக்கு ஓடினாள். போன மாதம் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தாள்: கண்ணாடி வழியாகத் தெரியும் பம்பைப் பார்த்து வரைய வேண்டும். அச்செடுத்து வைத்திருந்த வடிவின் தாளை உருவி எடுத்தாள். தொட்டி வால்வுக்கு வடிவு மஞ்சள் பூசியிருந்தாள். சிவப்பு வால்வுக்குப் பக்கத்தில் 'அவசர வடிகால்' என்று குண்டெழுத்தில் எழுதியிருந்தாள். இரண்டையும் பிரம்மசக்தி அடித்து, 'தவறு, மாற்றி எழுதவும்' என்று குறித்து, இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தாள். கம்பெனி அனுப்பிய பழைய வரைபடத்தை வைத்துக் கட்டிய பயிற்சிப் பம்பில் தொட்டி வால்வு சிவப்பு. அங்கே போய்ப் பார்த்தவள் வடிவு. அடித்தவள் இவள்.

சிவப்பைத் திருப்பினால் முகாமின் தண்ணீர் முழுவதும் செவ்வாய் மண்ணில் கொட்டி உறைந்து போகும்.

அவள் குரல் போய்க்கொண்டிருந்தது. மூன்று முப்பத்து மூன்றுக்குச் சொன்னது மூன்று நாற்பத்தேழுக்கு அங்கே கேட்கும். இப்போது மூன்று நாற்பத்து மூன்று. எந்தச் செய்தியாலும் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது.

"சிவப்பைத் தொடாதீங்க! நான் சொன்னது தப்பு! வடிவு வரைஞ்சதுதான் சரி, மஞ்சள்தான்!" என்று கத்தினாள். திரும்பத் திரும்பக் கத்தினாள். அது போய்ச் சேரும்போது மணி மூன்று ஐம்பத்தெட்டாகியிருக்கும். தப்பு முன்னால் போகிறது, திருத்தம் பதினொரு நிமிடம் பின்னால் போகிறது. இடையில் அங்கே என்ன நடக்கிறது என்பது இவளுக்கு நாலு மணிக்கு மேல்தான் தெரியும்.

செய்வதற்கு இனி ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டிருப்பதுதான். முதல்வர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

படத்தில் மூடி திறந்தது. வடிகட்டிக் கூடையில் வெள்ளையாகப் பனிக்கூழ் அப்பியிருந்தது. தொட்டியைச் சூடாக்கும் கம்பி செத்துப்போய், தண்ணீர் பாதி உறைந்து வந்து அடைத்திருக்கிறது. இதைப் பிரம்மசக்தி நினைக்கவேயில்லை. தூசியாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். கழுவச் சொன்னாளே தவிர, கழுவி வைத்தால் அரை மணியில் மறுபடி அடைக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

வடிவுக்குத் தோன்றியது. "அடுப்புல ராச்சோத்துக்கு உலை வச்சிருக்கேன்லா, அந்த அண்டா ரெண்டையும் தூக்கிட்டு வாங்க" என்று கத்தினாள். ஆட்கள் ஓடினார்கள். கொதிக்கிற தண்ணீரில் பாதி கூடையின் மேல், மீதி தொட்டிக்குள். "அடுத்த உலையும் வையுங்க. இன்ஜினியர் வார வரைக்கும் தொட்டிக்கு ஊத்திக்கிட்டே இருக்கணும்."

அப்போது கைத்திரையில் பிரம்மசக்தியின் குரல் அந்த அறைக்குள் வந்து சேர்ந்தது. "கவனமாக் கேளுங்க. கோளாறு மோட்டார்ல இல்ல, வடிகட்டியில..." கூடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வெடித்துச் சிரித்தார்கள். இந்தப் பக்கம் பிரம்மசக்திக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கூடை உள்ளே போனது. மூடி இறுகியது. மஞ்சள் வால்வைத் திறந்தார்கள். தண்ணீர் நிரம்பும் சத்தம். அதே நேரம் அவள் குரல்: "சிவப்புக் கைப்பிடி. வலப்பக்கம் முழுக்கத் திருப்பு."

அருளப்பன் நிமிர்ந்தார். நான்கு மாதமாக டீச்சர் சொன்னதில் ஒரு வார்த்தை விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டவர். சுவரோரம் போனார். சிவப்புக் கைப்பிடியில் இரண்டு கையையும் வைத்தார்.

"அண்ணே! கைய எடுங்க!"

"டீச்சர் சொல்லுதாங்கல்லா?"

"டீச்சர் அவங்க பம்பைப் பாத்துச் சொல்லுதாங்க. நம்ம பம்பை அவங்க எங்க பாத்தாங்க?"

"அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்?"

"தெரியும்," என்றாள் வடிவு. எழுந்து வந்து அவர் கைகளைத் தன் கையால் எடுத்து விலக்கினாள். பிறகு கைத்திரையைப் பார்த்தாள், பிரம்மசக்தியின் கண்ணுக்கு நேராக. "டீச்சர், கோவிச்சுக்காதிய. எனக்கு இப்ப பம்புச் சத்தம் கேக்கணும்." ஒலியைக் குறைத்தாள். முழுக்கக் குறைத்தாள்.

காற்றை வெளியேற்றினாள். மோட்டாரைப் போட்டாள். முதலில் கொஞ்சம் கடகடப்பு. கடகடப்பு மெலிந்து, மெலிந்து, பிறகு ஒரே சீராக ஒரு ரீங்காரம். சுவர்க் குழாய்கள் ஒவ்வொன்றாகச் சடசடத்துச் சூடேறின.

காவல்கிணற்றில் பிரம்மசக்தி நனைந்த புடவையோடு பட்டறை நடுவில் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். முகாமில் அருளப்பன் அழுதார், யாரோ அவரைக் கட்டிப்பிடித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, சாய்ந்து கிடந்த கதவின் பூட்டில் பச்சை விளக்கு எரிந்து, 'அனுமதி வழங்கப்பட்டது' என்று ஓர் இனிமையான குரல் சொன்னது. அதைப் பார்த்து வினோத் போனில் சிரித்த சிரிப்பு ஓர் அதிகாரி சிரிக்கும் சிரிப்பே அல்ல.

வடிவின் தாளில் பிரம்மசக்தி அன்றைக்கே அந்த இரண்டு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டாள்.

மூன்று நாள் கழித்து வினோத் மறுபடி அழைத்தான். இந்தமுறை குரலில் உற்சாகம் இல்லை.

"விசாரணை வச்சிருக்காங்க மேடம். அனுமதி இல்லாம பூட்டை உடைச்சது பெரிய குத்தம். ஒப்பந்தத்தை ரத்து பண்ணி அடுத்த கப்பல்ல திருப்பி அனுப்பலாம்னு பேச்சு. யார் உடைக்கச் சொன்னாங்கன்னு கேக்குறாங்க. அவங்க யாரும் வாயைத் திறக்கல."

"நான்தான் சொன்னேன்."

"உங்க குரல் அங்க கேக்குறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடியே பூட்டு உடைஞ்சிருக்கு. எல்லாம் பதிவாகியிருக்கு மேடம்."

"நாலு மாசமா என் குரல்தான் அங்க கேட்டுக்கிட்டு இருக்கு சார். என்னைக்கு சொன்னேன்னு எனக்கு ஞாபகம் இல்ல. சொன்னது நான்தான். அப்படியே எழுதிக்கோங்க."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் ஒலி கேட்டது. எழுதிக்கொண்டான்.

யாரையும் திருப்பி அனுப்பவில்லை. மாத முடிவில் கல்லூரிக்குக் கம்பெனியின் கடிதம் வந்தது. பகுதிநேரப் பயிற்றுநர் தன் வரம்பை மீறி இயக்க உத்தரவு கொடுத்ததால் வகுப்பு இத்துடன் நிறுத்தப்படுகிறது. நடப்பு மாணவர்களுக்குத் தேர்ச்சிச் சான்றிதழ் வழங்கப்படும். அடுத்த அணிக்கு முகாமிலேயே ஒரு பயிற்றுநர் நியமிக்கப்படுகிறார். கீழே பெயர்: சுடலைவடிவு.

தாணுமாலயன் கொதித்துப் போனார். பிரம்மசக்தி கடிதத்தை வாங்கி மறுபடி படித்தாள். மூன்று மணியானால் இனி எந்த முகமும் திரையில் வராது. ஆனால் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சொல்லைப் பார்த்ததும் அவளால் அடக்க முடியவில்லை.

"சார், பாருங்க. அவளையும் பகுதிநேரம்னுதான் போட்டிருக்கான்!" சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

அடுத்த வாரம் கல்லூரிக்கு வடிவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. செவ்வாய் அப்போது பதினாறு நிமிடத் தூரத்துக்கு விலகிப் போயிருந்தது. திரையில் வடிவு சமையற்கட்டு உடுப்பில்லாமல், தலையைப் படிய வாரிக்கொண்டு, மிரண்டுபோய் நின்றாள்.

"டீச்சர், நாளைக்கு எனக்கு முதல் வகுப்பு. இருபது பேரு. நீங்க பாடம் எடுத்த மாதிரி இல்ல டீச்சர், எல்லாரும் எதிர்லயே உக்காந்திருப்பாங்க. நான் கேட்டா உடனே பதில் சொல்லுவாங்க. அவங்க கேட்டா நானும் உடனே சொல்லணும். எட்டாம் வகுப்புக்கு அப்புறம் அப்படி ஒரு வகுப்புல நான் உக்காந்ததே இல்ல. எப்படி டீச்சர் சமாளிக்க?"

பிரம்மசக்தி பதிவுப் பொத்தானை அழுத்தினாள். என்னென்னவோ சொல்ல வாயெடுத்தாள், நிறுத்தினாள். கொஞ்சம் யோசித்தாள்.

"வடிவு, கேள்வி கேட்டுட்டு நீ சும்மா இரு. உனக்குப் பதில் தெரியும்லா, நாக்கு துறுதுறுங்கும். வாயத் திறக்காத. அவங்க முழிப்பாங்க, முழிக்கட்டும். இங்கேருந்து வார பதிலுக்குக் காத்திருந்தேல்லா, அது மாதிரி இரு. வேறொண்ணும் எனக்குத் தெரியாது."

அனுப்பினாள். பதில் வர முப்பத்திரண்டு நிமிடம் ஆகும். அதுவரை ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க அன்றைக்கு அவளுக்குப் பொறுமை இல்லை. செருப்பைக்கூட மாட்டாமல் முதல்வர் அறையைப் பார்த்து ஓடினாள். வடிவு நாளைக்கு முதல் வகுப்பு எடுக்கப் போகிறாள் என்பதை யாரிடமாவது இப்போதே சொல்ல வேண்டும், அவர் சொல்லும் பதிலை இப்போதே கேட்க வேண்டும் போலிருந்தது.